குழந்தைக்கு வடமொழிப் பெயரா? நான்கு வழிகளும் ஒவ்வொன்றின் மறைமுகச் செலவும்

"அழகான சமஸ்கிருதச் சொல்லாக ஒன்று சொல்லுங்கள். பெண் குழந்தை. 'தா'வில் தொடங்க வேண்டும்." வடமொழி கொஞ்சம் தெரிந்தவர் என்று பெயரெடுத்துவிட்டால் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும். தாரா என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்த தாரா?

'தாத்தா'வில் முதலில் வரும் தா போலச் சொன்னால் நட்சத்திரம். 'பந்தா'வில் வரும் தா போல, கூடவே மூச்சையும் சேர்த்துச் சொன்னால் ஒழுகும் நீர்; நம் 'தாரை தாரையாக' அங்கிருந்து வந்ததுதான். அதையே மூச்சில்லாமல் சொன்னால் மனைவியைக் குறிக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். நம் 'தாரம்' அது. (வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல் வடமொழி இலக்கணப்படி ஆண்பால், அதிலும் எப்போதும் பன்மை. மனைவிக்கு ஆண்பாலில் தார, பெண்பாலில் பார்யா, நபும்சகத்தில் களத்ர என்று மூன்று பாலிலும் சொல் வைத்திருக்கிறது அந்த மொழி.) இந்த மூன்றையும் தமிழில் எழுதினால் ஒரே தாராதான்.

பெயர் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். சொல்லின் பொருளும் ஒலியும் வடமொழியில் இருக்கின்றன. பிள்ளை வாழப்போவதோ தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும். இடையில் எது தங்கும், எது உதிரும் என்று பார்க்காமல் பிடித்த சொல்லை எடுத்து வைத்துவிடுகிறோம்.

இன்று தமிழ்க் குடும்பங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம். வடசொல்லை அப்படியே வைப்பது ஒன்று. தமிழ் ஏற்கெனவே தன் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்ட வடசொல்லை வைப்பது இரண்டு. வடசொல்லின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லாக வைப்பது மூன்று. வடமொழி போலத் தோன்றும் புதுப் பெயரைக் கட்டிக்கொள்வது நான்கு. தமிழா வடமொழியா என்ற பழைய வழக்குக்குள் நான் போகவில்லை. அதில் உறுதியான நிலை உள்ளவர்களுக்குக் குழப்பமே கிடையாது. அவர்களுக்கு இந்தக் கட்டுரையும் தேவையில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பொருள். அழகான பொருள் என்பதை விட, அகராதியில் சரிபார்க்க முடிகிற பொருளா என்று கேளுங்கள். மோனியர் வில்லியம்ஸின் வடமொழி-ஆங்கில அகராதியின் 1899ஆம் ஆண்டுப் பதிப்பும், வாமன் சிவராம் ஆப்தேயின் 1890ஆம் ஆண்டு அகராதியும் கொலோன் பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு சொல்லைத் தேட இரண்டு நிமிடம் போதும். குழந்தைப் பெயர்ப் பட்டியல் தளங்களை மட்டும் நம்பினால் உலகத்துப் பெயரெல்லாம் 'ஒளி', 'தனித்துவமானவன்', 'விஷ்ணுவின் அம்சம்' என்ற மூன்று பொருளுக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது, தமிழ் எழுத்தில் அந்தப் பெயர் தாங்குகிறதா. மூன்றாவது, வீட்டில் இருக்கும் மூத்தவர்களின் வாயில் வருகிறதா. பாட்டி ஒருவிதமாகவும் பள்ளி ஒருவிதமாகவும் கூப்பிடும் பெயர் காலப்போக்கில் இரண்டு பெயராகிவிடும்.

நான்காவது ஆவணம். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. செலவு அதிகம் வைப்பது இதுதான். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் பெயர் எந்த எழுத்தில் ஏறுகிறதோ அதே எழுத்துதான் மற்ற எல்லா இடத்திலும் ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து மாறினால் பிரமாணப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று அலைச்சல் தொடங்கும்.

கடைசியாக வயது. தொட்டிலில் கிடப்பவருக்கு மட்டுமல்ல, அறுபது வயதில் வங்கி வரிசையில் நிற்பவருக்கும் அதே பெயர்தான்.

நட்சத்திர எழுத்தையும் எண் கணிதத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது குடும்பத்தின் நம்பிக்கை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு மரபான எழுத்து 'ங'. ஹஸ்தத்தின் ஒரு பாதத்துக்கு 'ண'. இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர் எந்த வீட்டிலும் இல்லை. ஜோதிடர்களே வேறு எழுத்துக்கு மாற்றித்தான் தருகிறார்கள். ஆக அந்த விதியிலும் வளைந்து கொடுக்க இடம் இருக்கிறது.

| | வடசொல் அப்படியே | தமிழான வடசொல் | பொருள் மட்டும், தமிழ்ச் சொல் | புதிதாகக் கட்டியது |
|---|---|---|---|---|
| உதாரணம் | ஸ்மிதா, நிஷாந்த் | ஆதிரை, மாதவி | நிலா, கதிர் | ரியான்ஷ், விவான் |
| பொருளைச் சரிபார்க்க | எளிது | எளிது | மிக எளிது | பெரும்பாலும் முடியாது |
| தமிழ் எழுத்தில் | சொல்லைப் பொறுத்தது | சிக்கலில்லை | சிக்கலில்லை | தடுமாற்றம் |
| ஆங்கில எழுத்தில் | பல வடிவம் | ஓரளவு நிலையானது | ழ, ற வந்தால் சிக்கல் | பெற்றோர் இஷ்டம் |
| பிற மாநிலத்தில் | உடனே புரியும் | பாதி புரியும் | விளக்க வேண்டும் | கேட்டது போல இருக்கும் |
| மறைமுகச் செலவு | ஒலி இழப்பு | பழைய பெயர் என்ற பேச்சு | சொற்பிறப்பு வாக்குவாதம் | பொருள் பற்றிய கேள்வி |

## வடசொல்லை அப்படியே வைத்தால்

இந்த வழிக்கு இருக்கும் கவர்ச்சி உண்மையானது. வடமொழியில் ஒரு சொல்லுக்குள் ஒரு கதை மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

ஸ்மிதாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிரிப்பவள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நாட்டிய சாஸ்திரம் சிரிப்பை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அதில் முதலாவது ஸ்மிதம்: பல் வெளியே தெரியாத மெல்லிய முறுவல். அடுத்தது ஹசிதம், அதில் பல் லேசாகத் தெரியும். கடைசி வகை அடக்கமில்லாத பெருஞ்சிரிப்பு. ஆக ஸ்மிதா வெறும் சிரிப்பு இல்லை, சிரிப்பின் தொடக்கம்.

லாவண்யா இன்னும் சுவையானது. லவணம் என்றால் உப்பு. லாவண்யம் என்பது 'உப்பு உடைமை'. வெறும் வடிவ அழகு போதாது, அதில் ஒரு ருசி வேண்டும் என்று நினைத்தவர்கள் உண்டாக்கிய சொல். சினேகாவின் சினேகம் அடிப்படையில் எண்ணெய்ப் பசை. ஆயுர்வேதத்தில் இன்றும் நெய், எண்ணெய் வகைகளுக்கு அதுதான் பொதுப்பெயர். ஒட்டிக்கொள்ளும் தன்மையிலிருந்து அன்புக்கு வந்திருக்கிறது. அபர்ணா என்றால் இலை இல்லாதவள். தவம் செய்த பார்வதி உதிர்ந்த இலையைக்கூட உண்பதை விட்டதால் அந்தப் பெயர் வந்ததாகக் காளிதாசர் குமாரசம்பவத்தில் சொல்கிறார். அனசூயா, பொறாமை அற்றவள். சீதா, ஏர் உழுத சால். அக்ஷரா, அழியாதது; எழுத்துக்கும் அதே பெயர். ஸ்ரேயா வருவது ஸ்ரேயஸ் என்ற சொல்லிலிருந்து. கடோபநிஷத்தில் எமன் நசிகேதனிடம் ஸ்ரேயஸ், பிரேயஸ் என்று இரண்டைப் பிரித்துச் சொல்கிறான்: நன்மை தருவது ஒன்று, அப்போதைக்கு இனிப்பது இன்னொன்று.

ஆண் பெயர்களில் எனக்குப் பிடித்தது நிஷாந்த். நிஷா என்றால் இரவு, அந்தம் முடிவு. இரவின் முடிவு, அதாவது விடியல். ஹேமந்த் என்றதும் பலர் ஹேமம், பொன் என்று நினைக்கிறார்கள். ஹேமந்தம் என்பது முன்பனிக் காலம். பொன்னுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அர்ஜுனன் என்றால் வெண்மை, கிருஷ்ணன் என்றால் கருமை. தேரில் முன்னும் பின்னுமாக இருந்த இருவரும் பெயரால் வெள்ளையும் கருப்பும். ரிக் வேதத்தில் ஒரு பாடல் பகலையும் இரவையும் 'அர்ஜுனமான நாள், கிருஷ்ணமான நாள்' என்றே சொல்கிறது.

சரி, செலவு என்ன? ஒலி இழப்பு. வடமொழியில் க வரிசைக்கு நான்கு மெய் உண்டு, த வரிசைக்கு நான்கு, ப வரிசைக்கும் நான்கு. தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்து. தமிழுக்கு அது குறையே இல்லை. ஒலி இடத்துக்கு ஏற்ப மாறும் என்பது தமிழ் எழுத்தின் ஏற்பாடு. வடசொல்லைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான் இடிக்கும். அதிதி நல்ல உதாரணம். எல்லையற்றவள், தேவர்களின் தாய் என்ற பொருளில் அதிதி என்று மகளுக்குப் பெயர் வைக்கிறீர்கள். தமிழில் எழுதினால் அது விருந்தாளி என்ற பொருளுள்ள அதிதியும்தான். 'அதிதி தேவோ பவ' என்பதில் வருவது இரண்டாவது. பாவனாவை எழுதினால் உணர்ச்சி, சிந்தனை என்ற பொருள் ஒரு பக்கம். படிப்பவர் மனதில் 'பாவம்' என்ற சொல்லின் நிழல் இன்னொரு பக்கம். பலம் என்று எழுதினால் வலிமையா கனியா என்று எழுத்து சொல்லாது.

ஸகர வகைகளும் அப்படித்தான். வடமொழியில் மூன்று; நாம் கிரந்தத்திலிருந்து எடுத்துப் புழங்குவது ஷ, ஸ என்ற இரண்டு. மூன்றாவதான ஶ யூனிகோடில் இருக்கிறது, ஆனால் சான்றிதழ் தட்டச்சு செய்கிற இடத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஸ்வேதா, ஷ்வேதா, சுவேதா என்று ஒரே பெண்ணுக்கு மூன்று எழுத்துக்கூட்டு வருவது இதனால்தான். ஆங்கிலத்தில் இன்னும் மோசம். 'த'வுக்கு டி போட்டு எச் சேர்ப்பது நம் ஊர் வழக்கம், வடக்கே எச் இல்லாமல் எழுதுவார்கள். எண் கணிதக்காரர் ஓர் 'ஏ' கூடுதலாகப் போடச் சொல்வார். யாழ்ப்பாணத்துப் பெயர்களில் டினேஷ், டிலக்ஷன் என்று பார்த்திருப்பீர்கள். தினேஷ் என்ற வடசொல்லில் 'டி' கிடையாது, தினம் + ஈசன், பகலின் தலைவன். ஆங்கில எழுத்து வழியாகச் சுற்றிக்கொண்டு தமிழுக்குத் திரும்பி வந்ததால் நாக்கு இடம் மாறிவிட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. நாம் 'சுத்த சமஸ்கிருதம்' என்று நினைத்து வைக்கும் பெயர்களில் பாதி, இந்தியில் கடைசி 'அ' உதிர்ந்த வடிவம். வடமொழியில் அர்ஜுன, பிரணவ, அசோக. தமிழ் மரபில் அர்ச்சுனன், பிரணவம், அசோகன். அர்ஜுன், பிரணவ், அசோக் இரண்டிலும் சேராதவை. இதில் தப்பு ஒன்றும் இல்லை, கேட்க நன்றாகவே இருக்கின்றன. ஆனால் மூலத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் காரணம் என்றால், அந்தக் காரணம் இங்கே நிற்கவில்லை. எப்படியும் வீட்டில் கூப்பிடும்போது "அர்ஜுனா!" என்று உதிர்ந்த உயிர் திரும்பி வந்துவிடும்.

பிள்ளை வெளிமாநிலத்தில் வளரப்போகிறது, அல்லது அப்பா அம்மா இருவரில் ஒருவர் வேறு மொழிக்காரர் என்றால் இந்த வழி நல்லது. அப்படி எடுக்கும்போது தமிழ் எழுத்தில் குழம்பாத சொல்லாகப் பாருங்கள். உமா, மாலா, லதா, வாணி, கமலா, நளினி, மாலினி, விமலா, மோகன், ரவி. இவையெல்லாம் கிரந்த எழுத்து இல்லாமலே வடசொற்கள். போன தலைமுறை இவற்றை அதிகம் வைத்ததற்கு இந்த வசதியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

## தமிழாகிவிட்ட வடசொல்

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் பெயர் தேடுகிறவர்கள் இப்படி ஒரு வழி இருப்பதையே யோசிப்பதில்லை.

வடசொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்குத் தொல்காப்பியம் ஒரே வரியில் விதி சொல்கிறது. வடவெழுத்தை விட்டுவிட்டு, தமிழ் எழுத்தோடு பொருந்தி வருகிற சொல்லை எடுத்துக்கொள் என்பது அதன் சாரம். நன்னூல் இதை விரித்து, மாறாமல் வருவதையும் திரிந்து வருவதையும் பிரிக்கிறது. உரையாசிரியர்கள் தற்சமம், தற்பவம் என்பார்கள். கமலம் மாறாதது, பங்கஜம் பங்கயமாக மாறியது. ர, ல தொடக்கத்தில் வந்தால் முன்னால் ஓர் உயிரெழுத்து சேரும்: இராமன், அரங்கன், உலோகம். கம்பன் இந்த விதியோடு விளையாடியதில்தான் நமக்கு இலக்குவனும் வீடணனும் கிடைத்தார்கள்.

இந்த வகையில் அழகான பெயர்கள் நிறைய. ஆதிரை: வடமொழியில் ஆர்த்ரா, ஈரமானது என்று பொருள், ஒரு நட்சத்திரத்தின் பெயர். நம்மிடம் திருவாதிரையாகி, மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்ட பெண்ணின் பெயராகிவிட்டது. ஆர்த்ரா என்று வைத்தால் ஒரு சொல் கிடைக்கும். ஆதிரை என்று வைத்தால் ஒரு காப்பியப் பாத்திரமும் மார்கழி மாதத்து விழாவும் சேர்ந்து கிடைக்கும். மாதவி: வசந்தத்தில் பூக்கும் கொடி, தமிழில் குருக்கத்தி. மணிமேகலை: மணிகள் கோத்த இடையணி. அமுதா, அமுதன்: இறவாமை என்ற பொருளுள்ள அம்ருதத்திலிருந்து. இவற்றில் எதற்கும் கிரந்த எழுத்து தேவையில்லை. பாட்டிக்கும் வாயில் வரும், அகராதியிலும் இருக்கும்.

மறைமுகச் செலவு மூன்று. முதலாவது, 'பழைய பெயர்' என்று வீட்டிலேயே சிலர் முகம் சுளிப்பார்கள். பங்கயம் என்று இன்று ஒரு பெண் குழந்தைக்கு வைக்கத் துணிவு வேண்டும்; ஆதிரைக்கு வேண்டாம், அது இப்போது பரவலாகிவிட்டது. இரண்டாவது, எல்லாத் திரிபும் அழகாக வராது. ரிஷபம் இடபமாவது இலக்கணத்துக்குச் சரி, பெயராக வைத்தால் பிள்ளை நம்மை மன்னிக்காது. மூன்றாவது, பொருள் நகர்ந்திருக்கும். வடமொழியில் ஆஷா என்பது நம்பிக்கை, எதிர்பார்ப்பு. தமிழில் ஆசை வேறு எங்கோ போய்விட்டது. ஆஷா பெயராக நிற்கும், ஆசை நிற்காது. எனவே திரிந்த வடிவத்தை எடுப்பதற்கு முன் அது இன்றைய தமிழ்ப் பேச்சில் என்ன பொருளில் வழங்குகிறது என்று பாருங்கள், வடமொழி அகராதிப் பொருள் அங்கே உதவாது.

தனித்தமிழ் அன்பர்களுக்கு இது வடமொழி, வடமொழி அன்பர்களுக்கு இது கொச்சை என்று இரண்டு பக்கமும் பேச்சு வரலாம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் தமிழில் குடியிருக்கிற சொல்லுக்கு அதற்கு மேல் சான்றிதழ் எதற்கு என்பது என் கட்சி.

## பொருள் மட்டும் போதும், சொல் தமிழாக இருக்கட்டும்

இந்த வழியைத் திறந்துவிட்டவர்கள் தங்கள் பெயரையே மாற்றிக் காட்டினார்கள். வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் தன்னைப் பரிதிமாற் கலைஞர் என்று எழுதினார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். வேதாசலம் மறைமலையானார்: வேதம் மறை, அசலம் மலை. பகுதி பகுதியாகப் பெயர்த்த இந்தப் பெயர்கள் இன்று மூலத்தைவிட நன்றாக ஒலிக்கின்றன.

குழந்தைப் பெயர்களிலும் இது சிலவற்றில் அருமையாகப் பொருந்தும். சந்திரா நிலா ஆகலாம், கமலா தாமரை ஆகலாம், கிரணுக்குக் கதிர், ஜோதிக்குச் சுடர். பெயர்க்க முடியாதவையும் உண்டு. அபர்ணாவை யாரும் 'இலையுண்ணாள்' என்று கூப்பிட மாட்டார்கள். அர்ஜுனைப் பெயர்த்தால் வெள்ளையன். லாவண்யாவைப் பெயர்க்கப் போனால் உப்புக் கடைக்குத்தான் போக வேண்டும். கதை மடித்து வைத்த சொற்கள் பெயர்ப்பில் கதையை இழந்துவிடுகின்றன. இயற்கைப் பொருள்களின் பெயர்கள்தான் சேதமில்லாமல் வரும்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ழகரம் உள்ள பெயருக்கு ஆங்கிலத்தில் இசட் எச் போடுவோம். வெளியூரில் யாழினியை 'யாசினி' என்றோ 'யாஜினி' என்றோ வாசிப்பார்கள். அதைப் பழகிக்கொள்ளலாம். இன்னொன்று, தூய தமிழ் என்று நினைத்து வைத்த பெயர் அப்படி இல்லை என்று யாராவது வந்து சொல்வார்கள். அகிலன் வடமொழி அகிலத்திலிருந்து வந்தது, இதயா ஹ்ருதயத்திலிருந்து, காவியா காவ்யத்திலிருந்து. அவர்களுக்கு நீங்களும் பதில் சொல்லலாம்: வடமொழியின் மீனம், நீரம் போன்ற சொற்கள் திராவிட மொழிகளிலிருந்து அங்கே போனவை என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். மீனா என்ற பெயர் யாருடையது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

தமிழ்நாட்டிலேயே வளரும் பிள்ளைக்கும், மலேசியா, சிங்கப்பூர் போலத் தமிழர் அல்லாதவர் நடுவே 'இது தமிழ்ப் பெயர்' என்று உடனே தெரிய வேண்டிய பிள்ளைக்கும் இந்த வழி நல்லது.

## வடமொழி போலத் தோன்றும் புதுப்பெயர்

இப்போது அதிகம் வைக்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இதில் மூன்று ரகம் இருக்கிறது.

ஒன்று, சொல் வடமொழியில் இருக்கிறது, பொருள்தான் வேறு. ஆரவ் என்ற பெயருக்கு 'அமைதியானவன்' என்று போட்டிருப்பார்கள். அகராதியில் ஆரவம் என்றால் சத்தம், கூச்சல், அலறல். பிறந்த முதல் ஆறு மாதத்துக்கு மிகப் பொருத்தமான பெயர் என்பதை மறுக்கவில்லை. வேதிகா என்றால் வேதம் அறிந்தவள் என்பார்கள். அது மேடை, திண்ணை. ஜீவிகா என்றால் உயிர்ப்பானவள் என்பார்கள். அது பிழைப்பு, வாழ்வாதாரம். அனாமிகா அழகான ஒலி. பொருள் பெயரில்லாதவள், கூடவே மோதிர விரல். தன்வி மட்டும் பரவாயில்லை, மெல்லிய உடலுடையவள், காளிதாசரின் மேகதூதத்தில் யட்சன் தன் மனைவியை வர்ணிக்கும் பாட்டின் முதல் சொல்லே அதுதான். மேடையும் பிழைப்பும் கெட்ட சொற்கள் இல்லை. தெரிந்து வைத்தால் பிரச்சினையே இல்லை. பிள்ளை பத்தாம் வகுப்பில் தானே தேடிக் கண்டுபிடித்துக் கேட்டால்தான் சங்கடம்.

இரண்டாவது ரகம், நடுவில் வெட்டியது. விவஸ்வான் சூரியனின் பெயர். விவான் என்ற தனிச் சொல்லை மேலே சொன்ன அகராதிகளில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஆனாலும் 'காலைக் கதிர்' என்று பொருள் போட்டிருப்பார்கள்.

மூன்றாவது, வாலை மட்டும் வைத்துக்கொண்டு தலையை மாற்றுவது. 'ஆன்ஷ்' என்ற முடிவு அம்சம் என்ற சொல். சிவ + அம்ச, சிவாம்ச. சிவான்ஷ் என்ற பெயருக்குப் பொருள் உண்டு. ரியான்ஷ், கியான்ஷ் என்று வரும்போது முன்பாதியைப் பிரித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி, கடைசியில் ஒரு ஸ்ரீ என்று கட்டுவதும் இந்த வகைதான்.

எளிய சோதனைகள் சில இருக்கின்றன. பெயரைப் பிரித்துப் பாருங்கள். மகேஷ் என்றால் மகா + ஈசன், சுரேஷ் என்றால் சுர + ஈசன் என்று இரண்டு பாதிக்கும் தனித்தனியே பொருள் வர வேண்டும். எ, ஒ என்ற குறில்கள் வடமொழியில் கிடையாது. அவை அழுத்தமாக ஒலிக்கும் பெயர் அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. ழ, ற இருந்தாலும் அப்படியே.

இந்த வழியில் பொருள் கிடைக்காது, வேறு ஒன்று கிடைக்கும்: தனித்தன்மை. அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். நாலு வருடம் கழித்துப் பள்ளியில் சேர்க்கும்போது வகுப்பில் இன்னும் இரண்டு 'ஆன்ஷ்' இருக்கும். அம்மா அப்பா பெயரைக் கலந்து கட்டியது என்றால் மட்டும் நான் எதிர்க்க மாட்டேன். அதற்கு 'வடமொழியில் கடவுளின் கதிர்' என்று கதை கட்டாமல், உங்கள் இருவர் பெயரும் சேர்ந்தது என்றே பிள்ளையிடம் சொல்லுங்கள். அந்தப் பொருளை எந்த அகராதியும் மறுக்க முடியாது.

## யாருக்கு எது

இரண்டு வழிக்கு நடுவில் ஊசலாடுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்று நிலையில்தான்.

தாத்தா பாட்டிக்குச் சாமி பெயர் வேண்டும், உங்களுக்குப் புதுமையாக வேண்டும் என்றால் தமிழான வடசொல்லைப் பாருங்கள். லக்ஷ்மிக்குப் பதில் திருமகள், ரங்கநாதனுக்குப் பதில் அரங்கன், ஆர்த்ராவுக்குப் பதில் ஆதிரை. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி வெற்றி. (திருமகள் தனித்தமிழ் என்று யாராவது திருத்தினால் ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.)

பிள்ளை வெளிநாட்டில் வளரப்போகிறது என்றால் வடசொல்லோ தமிழ்ச்சொல்லோ, எந்த மொழிக்காரரும் சொல்லக்கூடிய இரண்டு அசைப் பெயராக எடுங்கள். உமா, நிலா, ரவி, கவின். இங்கே மொழியை விட நீளம்தான் முக்கியம்.

ஒரு வடசொல்லின் பொருளில் மனம் தோய்ந்துவிட்டது, அதுதான் வேண்டும் என்றால் அதையே வையுங்கள். ஆனால் பதிவுக்குப் போவதற்கு முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டை முடிவு செய்து, தாளில் எழுதி, வீட்டில் எல்லாரும் அதையே எழுதுவதாக ஒப்புக்கொள்ளுங்கள். எண் கணிதம் பார்ப்பதென்றால் அதற்கும் நேரம் அப்போதுதான், சான்றிதழ் வாங்கிய பிறகு இல்லை.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரை அப்போதே தர வேண்டியதில்லை. பெயரில்லாமல் பதிவு செய்துவிட்டு ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது. மருத்துவமனைப் படிவத்தில் அந்த இடம் காலியாக இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.